நூல் அளவு

ஐந்தாம் மாடியில் பனிச்சறுக்குத் தளத்தை மூடி
பலகை அடைத்துப் பதினோரு நாள்.
பலகையில் ஒன்றும் எழுதவில்லை.
'விரைவில்' என்றுகூட இல்லை.
அதுதான் எங்களைக் கெடுத்தது.

கார் நிறுத்துமிடம் என்றாள் ஹஸ்லினா.
டோனட் கடை ஆ ஹெங், இன்னொரு ஜிம் என்றான்,
கோலாலம்பூரில் தொப்பைக்கா பஞ்சம்.
மோதும் கார்களுக்குச் சீட்டுக் கிழிக்கும் நான்
வாய் திறக்கவில்லை.
பலகை இடுக்கில் கண் வைத்துப்
பார்த்தவள் நான் ஒருத்திதான்:
தூண்களில் ஆரஞ்சு மை.
சி ஏழு, சி எட்டு,
சி ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம்,
வட்டத்திலிருந்து ஓர் அம்பு, மேல்நோக்கி.
கார் நிறுத்துவதற்கு
யாரும் அம்பை மேலே போடமாட்டார்கள்.

சர்வேந்திரனிடம் மட்டும் சொன்னேன்.
இரவு ஷிப்ட், மின்தூக்கி மெக்கானிக்.
எந்த ஊருக்குப் போனாலும்
கோயில் எண்ணுகிறவர்கள் நடுவே
தண்டவாளம் எண்ணுகிறவன்.
'ரோலர் கோஸ்டர்' என்றான்,
ஜாதகம் பார்த்து முடித்தவன் போல.

மாமாக் கடையில்
ரொட்டி சானாய்த் தட்டைத் தள்ளிவிட்டு
ரசீதின் பின்புறம் பாதை போட்டான்.
சி ஒன்பதைச் சுற்றி ஒரு சுருள்.
உணவுக்கூடத்தின் தலைக்கு மேல் ஒரு பாய்ச்சல்,
லக்சா உறிஞ்சுகிறவர் அண்ணாந்தால்
வரிசையாக உள்ளங்கால்கள்.
பிறகு கூரைக்கடியில் ஒரு கணம் நின்று
வயிற்றைத் தொண்டைக்குக் கொண்டுவரும் சரிவு.
பருப்புக் குழம்பு பட்ட இடத்தில்
பாதை கொஞ்சம் கலங்கியது.
'உயரம் தெரியாதவரை
இதெல்லாம் வெறும் கிறுக்கல்.'

உயரத்தை யாரிடம் கேட்பது?
நிர்வாகத்தில் கேட்டால், உனக்கேன் என்பார்கள்.
உனக்கேன் என்பதற்கு
என்னிடம் எப்போதும் பதில் இருந்ததில்லை.

பிறந்தநாள் மூலையில் ஒரு ஹீலியம் பலூன் மிஞ்சியிருந்தது,
மீன் உருவம், வெள்ளி நிறம்.
அதற்குத் தையல் நூல்,
மீட்டருக்கு ஒரு முடிச்சு.
செந்தூல் வாடகை அறையில்
இரவு இரண்டுவரை முடிந்துகொண்டிருந்தேன்.
நேர்த்திக்கடனா, கேட்டாள் பக்கத்துக் கட்டில்காரி.
ஏறக்குறைய, என்றேன்.

கடைகள் மூடியபின்
ரஃபிகுல் துடைப்பத்தோடு காவல் நிற்க
இடுக்கு வழியாக உள்ளே போனோம்.
பனி போன தளத்தில் ஈரச் சிமெண்டு வாசம்,
ஒற்றைக் கையுறை, ஒரு குழந்தையினுடையது.
மீன் ஏறியது.
ஏழு. எட்டு. பதினொன்று.
முடிச்சுகள் விரலை உரசிக்கொண்டு போகப் போக
சர்வேந்திரன் எண்ணுவதை விட்டுவிட்டான்.
நான் எண்ணினேன்.
இருபத்திரண்டாம் முடிச்சில்
நூலின் இழுப்பு நின்றது.

கைப்பேசியில் எதையோ தட்டினான்.
'உராய்வுக்குக் கொஞ்சம் கொடுத்தாலும்
மணிக்கு எழுபது.'
என் கார்கள் எட்டில் போய் மோதுகிறவை.
எழுபது, என்று நானும் ஒருமுறை
சொல்லிப் பார்த்தேன்.
வெளியே கடைசி மோனோரயில்
இம்பி வளைவில் கடகடத்துப் போயிற்று.
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்
அண்ணாந்து பார்த்தோம்,
ஒன்றுமே இல்லாத கூரையை.

நூல் நழுவியதா, நான் விட்டேனா,
இன்றைக்கும் தெரியாது.

புதன்கிழமை தொப்பி போட்ட மூன்று பேர் வந்தார்கள்,
சிவப்பு ஒளிப் புள்ளியால் கூரையைத் தொட்டார்கள்,
சி ஒன்பதைக் கையால் தட்டிப் பார்த்தார்கள்,
டோனட் வாங்கிக்கொண்டு போனார்கள்.
என்ன அளந்தார்கள் என்று ஆ ஹெங் கேட்கவில்லை,
சில்லறை சரியாக இருந்ததாம்.
பலகையில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
ஹஸ்லினா இன்னும் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறாள்.

ஹீலியம் கசியக் கசிய
மீன் நாளுக்கு ஒன்றிரண்டு முடிச்சு இறங்குகிறது.
சாப்பாட்டு நேரத்தில் போய் இடுக்கில் பார்ப்பேன்.
நேற்று அது
சி ஒன்பதை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தது.
ஏசிக் காற்றாக இருக்கலாம்.
சர்வேந்திரனிடம் சொன்னேன்.
'வலம் வந்ததா, இடமா?'
கேட்டுக்கொண்டே
சட்டைப்பையில் ரசீதைத் தேடினான்.