காலுக்கு வேலையில்லாத விமானம்

பீளமேட்டில் சாவி என்று எதுவும் தரவில்லை.
ஒரு தகரக் கதவு, ஒரு தோல் பெல்ட்,
திசைகாட்டிக்குக் கீழே யாரோ பென்சிலில் எழுதியது:
"பன்னிரண்டு டிகிரி பொய் சொல்லும்."
எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

இரட்டை வால். காரில் இருப்பதுபோல் ஒரு ஸ்டியரிங்.
மூக்குக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு கம்பி,
அதன் அடியில் தக்கை, தக்கைக்கு அடியில் பெட்ரோல்.
வேறு கணக்கு அதற்குத் தெரியாது.

மிதிகட்டை மட்டும் இல்லை.
பதினோரு வருஷம் காலால் பறந்தவன் நான்.
பழனி தாண்டும்வரை என் பாதங்கள்
துழாவிக்கொண்டே வந்தன,
இருட்டில் செருப்புத் தேடுகிறவன் மாதிரி.
ஒட்டன்சத்திரத்துக்கு மேலே வெறுத்துப்போய்
ஷூவைக் கழற்றிப் பின்னால் எறிந்தேன்.

கண்ணாடியை இறக்கிவிட்டால் பஸ் ஜன்னலோரம்தான்.
திண்டுக்கல் பாறை வந்தது, தண்டவாளம் வந்தது,
அதற்கப்புறம் திசைகாட்டியோடு பேச்சில்லை.
சிறுமலை இடப்பக்கமிருந்து ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது.
கொடைரோடில் நின்று கிளம்பிய பாசஞ்சர்
கொஞ்ச தூரம் என்னை முந்தியே போனது.
சோழவந்தானில் கொடிக்கால் பச்சை,
வைகையில் மணல், மணலில் ஒரு லாரி.
கம்பி நான்கு விரற்கடை.
நாகமலை முதுகெல்லாம் வெயில்.
கம்பி இரண்டு.

ரேடியோ செத்திருந்தது.
மதுரையில் எனக்குப் பச்சை காட்டிய கோபுரம்
பெருங்குடியில் இருக்கிறது.

தெற்குக் காற்று ஓடுபாதையைக் குறுக்கே அறுக்க
நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன்.
சக்கரம் தொட்டதும் அதுவே ஓர் உதறு உதறி
நேராகிக்கொண்டது. நான் ஒன்றும் செய்யவில்லை.
லாக் புத்தகத்தில் இதை எழுதக் கட்டம் இல்லை.

பங்குனி மத்தியானம். வெறுங்காலோடு குதித்துத்
தார்ச்சூட்டில் நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து
மெக்கானிக் இன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

வாங்கியவர் கோவர்த்தனன். கீழவாசல் பக்கம் சாயப்பட்டறை.
இறக்கைத் துணியை இரண்டு விரலால் சுண்டி
"எண்பதாம் நம்பர் நூல்" என்றார்.
அக்குளில் ஊன்றுகட்டை.
வலது கால் பேண்டுக்குள் பெல்ட்டும் இரும்புமாக.
"காலுக்கு வேலையே இல்லையாமே, நிஜமா?"

கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி சொன்னேன்:
"இல்லீங்க. சுத்தமா இல்லை."

லைசென்ஸ் தர மறுத்துவிட்டார்கள் என்று
பிறகு கேள்விப்பட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை விடிகாலைகளில்
கொட்டகையிலிருந்து ஓடுபாதை முனைவரை
தரையோடு தரையாக ஓட்டிப்போய்,
கொஞ்சம் நின்று, திரும்பி வருவாராம்.

மறு வருஷம் இன்னாசி கார்டு போட்டிருந்தான்.
"வண்டி நல்லா இருக்கு சார்.
போன வாரம் ஒரே ஒரு தரம்
முன்சக்கரம் எழும்பிச்சு. நான் பார்த்தேன்.
அவரே கீழே வெச்சுட்டார்.
உங்க ஷூ இன்னும் உள்ளேதான் கிடக்கு,
அனுப்பட்டுமான்னு கேட்டேன்.
கிடக்கட்டும்ங்கிறார்."