சரிக்குச் சரி

கலாமாவில் இரவு ஒன்பதரை.
மழையைச் செய்தியில் மட்டும் பார்க்கிற ஊர்.
மாலைநேரக் கல்லூரி, கடைசி மேசை.
யாஸ்னா மாமனி
பத்து கிராம் லித்தியம் குளோரைடு,
பத்து கிராம் சலவைச் சோடா எடுத்தாள்.
யாருக்கும் குறை வைக்காத முகம்.

வெந்நீரில் கலந்தோம். வெள்ளையாய்த் திரண்டது,
படிந்தது. வடித்துக் காயவைத்து நிறுத்தால்
ஆறு கிராம்.

போட்டது இருபதாயிற்றே!
வடிதாளை உதறினாள்.
என் சட்டைப் பையைக்கூட ஒருமுறை பார்த்தாள்.

"பாதிக்கு மேல் சமையல் உப்பாகித்
தண்ணீரோடு போயிருக்கும்" என்றேன்.
"மிச்சம்?"
தெரியவில்லை.
வடிந்த தெளிநீரில்
சும்மா ஒரு சிட்டிகை சோடா போட்டேன்.
கலங்கியது.
அதற்குள் யாரோ
இன்னும் காத்திருந்தார்கள்.

"யு போல்ட்!" என்றாள் யாஸ்னா,
அடுத்த மேசைக்காரன் திரும்பிப் பார்க்கும்படி.

பகலில் அவள் இரும்புக்கடை ஆள்.
ஐந்நூறு நட்டை அங்கே யாரும் எண்ணுவதில்லை;
பத்தை நிறுத்துப் பார்த்தால்
மூட்டையின் எடையே எண்ணிக்கை சொல்லிவிடும்.
மோல் என்பதும் ஒரு மூட்டைதான்.
எல்லா மூட்டையிலும் எண்ணிக்கை ஒன்று,
எடைதான் சரக்குக்குச் சரக்கு வேறு:
லித்தியம் குளோரைடு நாற்பத்திரண்டு கிராமும் கொஞ்சமும்,
சோடா நூற்றாறு.

யு போல்ட் ஒன்றுக்கு நட் இரண்டு.
சோடா ஒன்றுக்கு லித்தியம் இரண்டு.
கிலோவுக்குக் கிலோ வாங்கிப்போய்
மறுநாள் சண்டைக்கு வருகிற
சுரங்க மெக்கானிக்குகளை அவளுக்குத் தெரியும்.

நோட்டின் பின்னட்டையில் வகுத்தாள்.
நட்டு, புள்ளி இரண்டு மூன்று ஆறு மோல்.
போல்ட், புள்ளி பூஜ்யம் ஒன்பது நான்கு.
முதலில் தீர்ந்தது போல்ட்.
இரண்டு கிராம் நட்டு
ஜோடி இல்லாமல்
தண்ணீரில் சுற்றியிருக்கிறது.

"பன்னிரண்டரை சோடா போட்டிருக்கணும்.
ரெண்டரை கிராமில் போச்சு."
அவ்வளவு வருத்தத்தோடு
ஒரு தசமப் புள்ளியை யாரும் பார்த்து
நான் பார்த்ததில்லை.

வெளியே குளிர். கொலெக்டிவோ டாக்சியில்
மூன்று பேர் இருந்தோம்.
நாலாவது ஆள் வராமல் எடுக்கமாட்டேன்
என்று ஓட்டுநர் ரேடியோவைத் திருகினார்.
பத்து நிமிடம். தெருவில் நாய் மட்டும்.

யாஸ்னா இரண்டு டிக்கெட் காசை நீட்டினாள்.
காலி இருக்கையில் தன் பையை வைத்தாள்.
"இது யாருக்கு?" என்றார் அவர்.

"சோடாவுக்கு" என்றாள்.
வண்டி கிளம்பியது.