பென்சில் குறி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு
முந்நூறு அடி முன்னால் எங்கள் குஞ்சுப் பண்ணை.
அந்தப் பக்கம் போனால் முட்டை
தன் கடைசி ஐகாரத்தைத் தொலைத்து
முட்ட ஆகிவிடும்.
ஓட்டுக்குள் இருப்பதற்கு
இரண்டும் தெரியாது.

ஏழாம் நாள் ராத்திரி
கருப்புத் துணி கட்டிய அறையில்
நானும் பாத்திமுத்துவும்.
நகம் வெட்டியிருக்க வேண்டும்.
வளையல் கூடாது.
பேனா கூடவே கூடாது, மை ஓட்டுத் துளைவழி இறங்கும்.
பென்சில்தான், அதுவும் அழுத்தாமல்.
தட்டு வெளியே வந்தால் பத்து நிமிஷம்.
அதற்குமேல் அவற்றுக்குக் குளிரும்.

விளக்கின் ரப்பர் வாயில்
அகன்ற முனையைப் பொருத்துகிறேன்.
சாயங்கால வெயிலுக்கு எதிரே நிற்பவனின்
காதுமடல் போல
முட்டை முழுக்கச் சிவக்கிறது.
நடுவில் ஒரு புள்ளி. அது கண்.
சுற்றிலும் சிலந்திக் கால்களாய் நரம்பு.
வெளிச்சம் பட்டதும் புள்ளி
ஒரு தரம் விலகிக்கொள்கிறது,
குளிக்கும் இடத்தில் ஆள் வந்துவிட்டது போல.
மன்னிச்சுக்கோ என்று வைத்துவிட்டு
அடுத்ததை எடுக்கிறேன்.

வெறுமனே ஒளிர்ந்தால் கூமுட்டை.
ரத்த வளையம் தெரிந்தால் முடிந்தது.
அதெல்லாம் சுலபம்.
நரம்பு இருக்கும், அசைவு இருக்காது,
அதுதான் கஷ்டம்.

சூப்பர்வைசர் சிவதாசன் சொல்வார்:
"சந்தேகம்னா உடைச்சுப் பாரு, தெரிஞ்சுரும்."
தெரியும்தான்.
தெரிந்த பிறகு அது இருக்காது.

மூன்றுக்குக் கேள்விக்குறி போட்டேன்.
தட்டு முப்பத்தொன்று, ஓர வரிசை.
விட்டுவைப்பதில் உள்ள ஆபத்து எனக்கும் தெரியும்:
செத்தது அழுகி வெடித்தால்
பக்கத்து அறுபதும் கெடும்.

பதினொன்றாம் நாள் ஒன்று வெடித்தது.
நாற்றம் தலைமுடியில் இரண்டு நாள் இருந்தது.
சம்பளத்தில் இருநூறு பிடித்தார்கள்.

பதினெட்டாம் நாள்
இரண்டாவதில் வெறும் சேறு.
மூன்றாவதில்
மேலே காற்றறை சாய்ந்து ஒரு பிறை,
கீழே முழு இருட்டு.
மூச்சை நிறுத்தி எண்ணினேன்.
ஐந்து. ஆறு. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
ஏழு.
பிறையின் ஓரத்தை ஏதோ
உள்ளிருந்து இடித்தது.

பாத்திமுத்து, இங்க வா, இங்க வா.
அவள் வந்து குனிந்தபோது அசையவில்லை.
"நீ பார்த்தேன்னா சரி" என்று
அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

இருபத்தொன்றாம் நாள் ஓடு திறந்தது.
கேள்விக்குறி இரண்டாகப் பிளந்து
கொக்கி ஒரு துண்டில், புள்ளி ஒரு துண்டில்.
ஈரமாய், அசிங்கமாய்,
தன் காலைத் தானே மிதித்து விழுந்தது.

இறகு பார்க்கிறவன் சிறகை விரித்தான்.
எல்லாம் ஒரே நீளம்.
சேவல்.
முட்டைக்கோழிக் கணக்குப் புத்தகத்தில்
சேவலுக்குப் பக்கம் கிடையாது.
கூடை ஐநூறு என்று பேசி
சாயக்காரர் அள்ளிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைச் சந்தையில்
துளை போட்ட அட்டைப்பெட்டி.
ரோஸ், பச்சை, ஊதா.
"ஏது கலர் வேணும் சேச்சி?"
குனிந்து பார்த்தேன்.
ஓட்டுக்கு வெளியே வந்தபின்
எனக்கு ஒன்றுமே அடையாளம் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு பையன்
பச்சைக் குஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தான்.
கையைக் கொஞ்சம் தளர்த்து என்றேன்.
எந்தப் பாஷையில் சொன்னேனோ,
தளர்த்தினான்.