சிக்கு

வியாழன் மாலை ஆறு மணி, யோயென்சூ.
தீயணைப்பு வண்டி நின்ற கூடத்தில் இப்போது
நான்கு நீள மேசை, ஒரு கெட்டில், பதினொரு வாளி.
வீரர்கள் சறுக்கி இறங்கிய கம்பம் அப்படியே இருக்கிறது.
அதைச் சுற்றிக் கொக்கி அடித்து
எங்கள் ஈரக் கோட்டுகளை மாட்டியிருக்கிறார்கள்.

'முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை.'
அறிவிப்பின் அந்த ஒரு வரிக்காகத்தான் பணம் கட்டினேன்.
முப்பத்தைந்து யூரோ, கம்பளி உட்பட.
வரி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக
முன்பின் தெரிந்தவளாகவே உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்லித்தரும் வில்யாவுக்கு என் வயதில் பாதி, மூக்கில் வளையம்.
அட்டையில் பாதம் ஒன்று வெட்டித் தந்தாள்,
என் காலைப் போல ஒன்றரை மடங்கு.
எந்த ராட்சசனுக்கு, என்றார் பேருந்து ஓட்டும் வெய்யோ.
சுருங்கும், என்றாள். நம்பி வையுங்கள்.

நூல் இல்லை, ஊசி இல்லை, தறி இல்லை.
ஆட்டு மயிரை மெல்லிசாய்ப் பிய்த்து
குறுக்கே ஓர் அடுக்கு, நெடுக்கே ஓர் அடுக்கு,
அதன்மேல் வெந்நீர், சோப்பு,
பிறகு தேய்ப்பு.
அவ்வளவுதான், சிக்காக்குங்கள்.

ஆயுசெல்லாம் சிக்கெடுத்த கைகள் எங்களுடையவை.
ஹோதன் மூன்று மகள்களுக்குத் தலை பின்னிவிட்டு வந்திருந்தாள்,
நான் ஒரு மரக்கடையின் எட்டு வருஷக் கணக்கைப் பிரித்துவிட்டு.
வெய்யோ கையை நுரைக்கு மேலே நிறுத்திக் கேட்டார்:
கெடுக்கத்தானே சொல்கிறாய்?
ஆமாம். இழையை இழையோடு மோதவிடுங்கள்,
இனி யாராலும் பிரிக்க முடியாது என்கிற வரைக்கும்.

முதல் அரைமணி ஒன்றும் நடக்கவில்லை.
ஈர நாயின் வாசம். முழங்கை வரை நுரை.
வெளியே பனி,
தெருவிளக்கு இருக்கும் இடங்களில் மட்டும் பெய்வதுபோல.

பிறகு பிடித்தது.
எப்போதென்று சொல்ல முடியாது,
தயிர் உறைகிற நேரத்தை யார் பார்த்தது?
கிள்ளித் தூக்கினேன். மயிராக வரவில்லை,
தோலாக, மொத்தமாக எழுந்து வந்தது.

இடது காலைத் தேய்க்கையில் பேச்சு ஓடியது.
ஏழாம் நம்பர் வண்டியில் யாரோ பல்செட்டை விட்டுப்போன கதை.
தேடிக்கொண்டு ஒருவர் வந்தாராம்,
வாயில் போட்டுப் பார்த்துவிட்டு
தன்னுடையதில்லை என்று திருப்பிக் கொடுத்தாராம்.
சிரித்ததில் என் சோப்பு இரண்டு முறை தரையில் விழுந்தது.

வலது காலுக்கு வரும்போது பேச்சு தீர்ந்திருந்தது.
பைக்குள் தம்பியின் வக்கீல் எழுதிய கடிதம்.
ஏரிக்கரைக் குடில். ஆளுக்குப் பாதி. விற்றாக வேண்டும்.
மூன்றாம் பத்தியில் என் பிடிவாதம்.
நான் மூன்றாம் பத்தியைத் தேய்த்தேன்.

எட்டரைக்கு இரண்டையும் அலசிப் பக்கத்தில் பக்கம் வைத்தாள்.
இடது எனக்கே அளவெடுத்தது.
வலது, பத்து வயதுப் பிள்ளைக்கு.

ஒரே கம்பளி, ஒரே அட்டை, ஒரே வாளித் தண்ணீர்.
வில்யா உள்ளே விரல்விட்டுப் பார்த்தாள்,
ஏன் என்று கேட்கவில்லை
(அதற்கே தனியாக ஐந்து யூரோ தரலாம்).
சுருங்கியது திரும்பாது, என்றாள்.
கம்பளி இருக்கிறது, அடுத்த வாரம் இன்னொன்று செய்யுங்கள்.

சின்னதை ஹோதன் கையில் எடுத்தாள்.
என் நடுவிலவளுக்குச் சரியாயிருக்கும்.
ஒன்றை வைத்துக்கொண்டு?
அவள் ஒரு காலைத்தான்
போர்வைக்கு வெளியே நீட்டித் தூங்குவாள்.

வீட்டுக்கு வந்து இடதை மாட்டிக்கொண்டேன்.
இன்னும் ஈரம், ஆனாலும் சூடு.
மற்ற காலுக்குச் சமையலறைத் தரை பனிக்கட்டியாக இருந்தது,
தூக்கிக்கொண்டு
அடுப்பைப் பிடித்தபடி கடிதத்தை மறுபடி படித்தேன்.
ஒற்றைக்காலில் நிற்கிறேனாம்.
இந்த ஒரு விஷயத்தில்
வக்கீலை மறுக்க முடியவில்லை.

அடுத்த வியாழன் வலது காலை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
அதற்குள் வெய்யோவின் வண்டியில்
யாராவது எதையாவது விட்டுப்போயிருக்க வேண்டும்.