பதினான்காம் கேள்வி

நகராட்சி மின்னஞ்சலில் ‘அனைத்து ஊழியர்களும்’ என்றிருந்தது.
அனைவரும் என்றால் மார்ல்ஃபோர்டில் பதினோரு பேர்.
பனி வாரும் லாரிக்கு இருவர்,
நூலகத்துக்கு அரைநாள் வரும் டாரீன்,
ஸ்கேட்டிங் அரங்கில் ஐஸ் இழைக்கும் வண்டியோடு லோர்ன் பாக்குலாக்,
தண்ணீர் பில் போடும் நான்,
இன்னும் சிலர்.
பாடம் ஏழு பகுதி, தொண்ணூறு நிமிடம்.
வெள்ளிக்குள் முடிக்காவிட்டால்
நினைவூட்டல் வரும், பிறகு அதற்கொரு நினைவூட்டல்.

சஸ்காச்சுவானில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்து நாலு.
நிலவறையில் துணி உலர்த்தியின் மேல் மடிக்கணினியை வைத்து
சோபாக் குஷனைத் தரையில் போட்டு மண்டியிட்டேன்.
திரையில் ஒருவர் வியர்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்:
நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது.
ஐந்து சென்டிமீட்டர் ஆழம்.
விலா முறியலாம், நிறுத்தாதீர்கள்.
குஷனுக்கு விலா இல்லை.
சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைபோல
அமுங்கி அமுங்கி எழுந்தது.
நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

முடிவில் இருபது கேள்விகள்.
பத்தொன்பது சரி.
தவறியது பதினான்கு:
‘ஷாக் தேவையில்லை’ என்று கருவி சொன்னால் என்ன பொருள்?
நான் தொட்ட விடை: நோயாளி தேறிவிட்டார்.
திரை சிவந்தது.
இல்லை. ஷாக் இப்போது உதவாது என்று மட்டுமே பொருள்.
மூச்சு இல்லையென்றால் அழுத்திக்கொண்டே இருங்கள்.
எரிச்சலோடு மூடினேன்.
சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

பிப்ரவரியில் ஒரு வியாழன் இரவு,
நாற்பது தாண்டியவர்களின் ஹாக்கி.
கேன்டீன் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஓரெஸ்ட் ஹலிஷின், தானிய லாரிக்காரர்,
யாரும் தொடாமலே விழுந்தார்.
முதலில் சிரித்தார்கள்.
சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது.

ஆம்புலன்ஸுக்கு நாற்பது நிமிடம்.
லோர்ன் ரப்பர் பூட்ஸில் சறுக்கிக்கொண்டே
சுவர்ப் பெட்டியைக் கொண்டுவந்தான்.
ஜெர்சியைக் கிழித்தோம், தோள் கவசத்தின் வார்களை அறுத்தோம்,
கேன்டீன் துண்டால் மார்பைத் துடைத்தேன்.
கடுகெண்ணெய் அல்ல, கடுகு சாஸ் வாசனை அந்தத் துண்டில்.
ஏனோ அது நினைவிருக்கிறது.
பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்
ரயில் அறிவிப்பாளரின் நிதானத்தில்
எல்லோரையும் விலகச் சொன்னது.
உடல் ஒருமுறை தூக்கிப் போட்டது.
மறுபடி அழுத்தினேன், அழுத்தினேன்.
மறுபடி விலகச் சொன்னது.
பிறகு:
ஷாக் தேவையில்லை.

லோர்ன் குதிகாலில் சாய்ந்து பெருமூச்சு விட்டான்.
சுற்றி நின்றவர்கள் மட்டைகளை ஐஸில் தட்டினார்கள்,
கோல் விழுந்தால் தட்டுவதுபோல.

சரியாகச் சொன்ன பத்தொன்பதில்
ஒன்றுகூட அந்த நேரம் என்னிடம் இல்லை.
தவறிய ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது.
“நிறுத்துங்கள், அவருக்கு மூச்சில்லை” என்று கத்தினேன்.
மட்டைகள் நின்றன.
உள்ளங்கைக்கு அடியில் ஏதோ முறிந்தது,
ஏப்ரலில் ஏரி முதன்முதலாக விடும் விரிசல்போல.
நான் குஷனை நினைத்துக்கொண்டேன்.
ஸ்கோர் பலகைக் கடிகாரத்தை யாரும் நிறுத்தவில்லை.
அதைப் பார்த்துத்தான் லோர்னும் நானும்
இரண்டு நிமிடத்துக்கொருமுறை கை மாற்றினோம்.
ஆட்டம் முடியும் மணி ஒலித்தபோதும் அழுத்திக்கொண்டிருந்தோம்.
பிறகு எப்போதோ
ஒரு மோசமான குறட்டைபோல அவர் மூச்சிழுத்தார்.
அதைப்போல அசிங்கமான, அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஏப்ரலில் கவுண்டருக்கு வந்தார்.
இளைத்திருந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.
மருத்துவமனையில் கிடந்த மாதத் தண்ணீர் பில்லுக்குத்
தாமதக் கட்டணம் பன்னிரண்டு டாலர்.
“தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரமில்லை,” என்றேன்,
“விதி.”
“விதிதான்,” என்று மூன்று விரல்களைக் காட்டினார்.
“என்ன மூன்று?”
“விலா.”
சிரிக்கப் போய், வலித்து, பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு
நோட்டுகளை எண்ணி வைத்தார்.
ரசீதை அடித்துக் கொடுத்தேன்.
மடித்து மார்புப் பையில் வைத்துக்கொண்டார்,
இடப்பக்கம்.