ஒரு நுள்ளு உலுவா

தடைக்காலம்.
போட்டு தேங்காய்ப்பட்டணத்தில் கயிற்றில் கிடக்கிறது,
நான் இனயத்தில், வீட்டில்.
பென்சி மார்த்தாண்டத்துத் துணிக்கடைக்குப் போகும்போது
குடையை விரித்தபடி சொன்னது இவ்வளவுதான்:
"ராத்திரிக்கு நீங்களே ஏதாவது வைங்க."

ஏதாவது.
அந்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு
ஆறு மணிக்கு அடுக்களையில் நிற்கிறேன்.
வெளியே இடவப்பாதி ஊற்றுகிறது.

கூடையில் முருங்கைக்காய் ஒன்று, வளைந்தது.
மாங்காய் ஒன்று, அணில் பாதி கணக்குத் தீர்த்தது.
பேப்பரில் பொதிந்த சக்கக்குரு ஒரு பிடி,
சின்ன உள்ளி ஏழோ எட்டோ, தேங்காய் அரைமுறி.
மீன் இல்லை.
இனயத்தில், என் வீட்டில், மீன் இல்லை.
சந்தையில் ஐஸ் மீனுக்கு விலை கேட்டேன்;
விற்றவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்,
நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பதினாறு வயதில் சமையலுக்கென்று போட்டில் ஏறியவன் நான்.
சட்டியைக் கம்பியால் கட்டிவைத்து, ஆடும் அடுப்பில்
பதினான்கு பேருக்கு ஆக்கியவன்.
லட்சத்தீவுக்கு அப்பால், இருட்டில்,
மஞ்சள் எது மிளகாய் எது என்று மூக்காலே சொல்வேன்.
சொந்த அடுக்களையில் கரை தெரியவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் மல்லிப்பொடி.
பால்பொடி டின்னில் மிளகாய்.
சீனி என்று எழுதியதில் உப்பு;
அதை நாக்குதான் கண்டுபிடித்தது.
மஞ்சள் எங்கே என்றால்
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்
"பிஸ்கட் டப்பாவில" என்கிறாள் ஜெனிலா,
இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

சரி. மீன் வரவில்லை என்று
குழம்புக்கு யார் சொல்லப்போகிறார்கள்?
தேங்காயும் மல்லியும் மிளகாயும் ரெண்டு உள்ளியும்
மிக்சியில் வெண்ணெயாக ஓடின.
குரு முதலில் வெந்தது, முருங்கைக்காய் அதற்குப் பின்னால்,
மாங்காய் கடைசி. புளிக்கு அதுவே போதும்.
அளவு மட்டும் வசப்படவில்லை:
கை ஒவ்வொரு தடவையும் பதினான்கு பேருக்கு அள்ளுகிறது,
நான் பதினொன்றைத் திரும்பக் கொட்டுகிறேன்.

தாளிக்க உலுவா வேண்டும்.
மேல்தட்டின் மூலையில் ஒரு முட்டாய் டின்.
குலுக்கினால் உலுவாச் சத்தம்.
விரலை விட்டால் காகிதம்.

நாலாய் மடித்த மஞ்சள் சீட்டு.
கருங்கல், நகை அடகு. பிப்ரவரி பன்னிரண்டு.
வளையல் ரெண்டு, பவுன் மூன்று.
அடியில் அவள் கையெழுத்து, கடைசி எழுத்து நழுவி.

பிப்ரவரி பன்னிரண்டில் நான்
கரை பார்த்து இருபது நாளான தண்ணீரில் இருந்தேன்.
என்ஜின் பழுது. அந்தத் தங்கலில்தான்
பங்கு என்று ஒன்றும் தேறவில்லை.
வளையல் எங்கே என்று ஈஸ்டருக்குக் கேட்டேன்.
அக்காள் மகள் கல்யாணத்துக்கு இரவல் என்றாள்.
நம்பினேன்.
இல்லை, அதற்குமேல் கேட்கவில்லை.

எண்ணெய் புகைந்தது.
சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து
விதைகளுக்கு அடியில் தள்ளினேன்.
கடுகு, வத்தல், கறிவேப்பிலை, ஒரு நுள்ளு உலுவா.
வீடு முழுக்க மீன்குழம்பு வாசம்.
பக்கத்து வீட்டுப் பூனை வந்து படியில் உட்கார்ந்தது;
பாவம், அதற்கும் தடைக்காலம்.

ஒன்பதே கால். சொட்டும் குடையோடு பென்சி.
தரையில் மூன்று தட்டு. சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.
ஜெனிலா பழக்கத்தில் விரலால் துழாவி
முள்ளுக்குப் பதில் கறிவேப்பிலையைத்
தட்டோரம் அடுக்குகிறாள்.
பென்சி ஒரு வாய். இன்னொரு வாய்.
பிறகு கை நின்றது.

"உலுவா போட்டியளா?"
"ஒரு நுள்ளு."
"எங்கேருந்து எடுத்திய?"
"டின்னிலேருந்து."

அவள் என்னைப் பார்க்கவில்லை.
நான் அவள் கையைப் பார்த்தேன்,
கடைப் பேனா மசி, ரெண்டு ரப்பர் வளையம்.
மழை மட்டும் ஓட்டின்மேல் பேசிக்கொண்டிருந்தது.

"குரு இன்னும் கொஞ்சம் வேகணும்" என்றாள்,
சொல்லிக்கொண்டே சட்டியைச் சாய்த்து
என் சோற்றில் ஊற்றினாள்,
பதினான்கு பேருக்கு ஊற்றுவதுபோல.