பயணப்படி

இந்த வேலைக்கு ஆண்டுக்கு நூறு டாலர்.
குதிரை வண்டிக் காலத்தில் எழுதிய தொகை,
அதற்குப் பின் எவரும் அதில் கை வைக்கவில்லை.
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்துக்கு
ஒரு டயர்கூட வராது.

நியூ ஹாம்ப்ஷயரின் கீழவையில் நாங்கள் நானூறு பேர்.
மேலவைக்கு இருபத்துநான்கு போதுமாம்.
மேசை இல்லை, அறை இல்லை, உதவிக்கு ஆள் இல்லை.
மடிதான் அலுவலகம்.
எண் போட்ட ஒரு நாற்காலி,
பச்சையாய் ஒரு பொத்தான், சிவப்பாய் ஒன்று.

என் தொகுதிக்குத் தனி மண் கிடையாது.
நான்கு ஊர்கள்; நான்குக்கும் அவரவர் உறுப்பினர் உண்டு.
வகுத்தபின் மிஞ்சிய தலைகளைக் கூட்டி
அவற்றின் மேலேயே இன்னொரு தொகுதியை விரித்தார்கள்.
மிதக்கும் தொகுதி.
நான் மீதியின் பிரதிநிதி.

இரண்டு ஆண்டுக்கு ஒரு நவம்பர்.
போன முறை என் வெற்றி நான்கு வாக்கு, பிறகு இரண்டு,
கான்கார்டில் நீள மேசை போட்டுக்
கையால் எண்ணியபோது ஒன்று.
அந்த ஒருவர் வட்டத்தை நிரப்பவில்லை,
என் பெயருக்கு எதிரே ஒரு கடமான் வரைந்திருந்தார்.
கொம்பின் நுனி வட்டத்துக்குள் இருந்தது.
குனிந்து பார்த்தார்கள், கண்ணாடி மாற்றிப் பார்த்தார்கள்.
ஒடெட் கான்யேவுக்கு, என்றார்கள்.

பிப்ரவரி, வியாழன். என் மசோதா:
சிற்றூர்ப் பாலங்களுக்குப் பாதிச் செலவு மாநிலத்துடையது.
எங்கள் பாலத்தில் பேருந்து ஏறக்கூடாது என்று
பலகை வைத்து மூன்று குளிர்காலம்.
பதினோரு மைல் சுற்றுகிறேன்;
கடைசி நிறுத்தத்துப் பையன்
இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிறான்.

கணவாய் தாண்டியதும் பள்ளத்தில் ஒரு கார்,
மூக்கு பனிக்குள், எண் பலகை வெளியே.
அவை உறுப்பினரின் பலகை. நாற்காலி எண்ணே சொல்லிவிட்டது:
வெண்டல் ஸ்டாக்போல், ஈமச்சடங்கு நிலையம் நடத்துபவர்,
எதிர்வரிசை.
சாவு வீட்டுக்கான மெல்லிய காலணியோடு
சாலையோரம் நின்றிருந்தார்.

நிறுத்தாமல் போயிருக்கலாமே என்கிறார்கள் இப்போது.
எனக்கு அது தோன்றவில்லை.
பொய். தோன்றியது,
ஒரு வளைவு தூரம் தோன்றியது.
பிறகு பின்னோக்கி ஓட்டினேன்.

ஏறி உட்கார்ந்தார். தன் நாயின் மூட்டுவலி பற்றிச் சொன்னார்.
நாற்பது மைல் கழித்து,
“உன் பாலத்துக்கு எதிராகத்தான் போடுவேன், தெரியும்தானே?”
“ஹீட்டரைக் கூட்டட்டுமா?” என்றேன்.

முப்பது விநாடி. பலகையில் விளக்குகள்.
ஆதரவு நூற்று எழுபத்திரண்டு.
எதிர்ப்பு நூற்று எழுபத்துமூன்று.
சமமாகியிருந்தால் அவைத்தலைவர் போட்டிருப்பார்;
அவர் எங்கள் பக்கம்.
இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாம்.

என் கட்சிக்காரர்கள் என் பக்கம் திரும்பவில்லை.
அவர் திரும்பினார்.
வெற்றி பெற்றவர் முகமாக அது இல்லை;
வேறு எந்த முகமென்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாலையில் பயணப்படிப் படிவம்.
சம்பளத்தில் இல்லாத காசு மைல் கணக்கில்தான் வரும்;
யாரும் விடமாட்டார்கள்.
நான் இருநூற்றுப் பத்து என்று நிரப்பினேன்.
அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
பூஜ்யம் என்று எழுதி நீட்டினார்.

“பூஜ்யத்துக்கும் கையெழுத்து வேண்டும்” என்றாள் எழுத்தர்.

போட்டார்.
வெளியே மறுபடியும் பனி.
என் வண்டியின் மறுபக்கக் கதவருகே போய்
நான் திறக்கும்வரை நின்றார்.